இன்னொரு நீலத் தொட்டி வேண்டுமா? ஈசூன் பழைய புளோக்கிலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

எங்கள் வட்டாரத்துக் குடியிருப்பாளர் குழுவான வசிப்போர் கட்டமைப்பில் இப்போது ஒரு பேச்சு ஓடுகிறது. மறுபயனீட்டுக்கு (மறுசுழற்சிக்கு) உரிய பொருள்களைப் போடும் நீலத் தொட்டி புளோக்குக்கு இன்னொன்று கேட்கலாமா, இல்லை வேறு ஏதாவது ஏற்பாடு செய்யலாமா என்று. சிங்கப்பூரின் ஈசூனில் இதே அடுக்குமாடி புளோக்கில் பல வருடமாகக் குடியிருக்கிறேன். இருக்கிற எல்லா வழிகளையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இன்னொரு தொட்டி வேண்டாம். காகிதத்துக்குத் தனி வழி செய்யுங்கள்.

குப்பை அள்ளும் நிறுவனம் எது என்பது நம் கையில் இல்லை. தேசியச் சுற்றுப்புற வாரியம் தீவை வட்டாரங்களாகப் பிரித்து, ஏலக்குத்தகை விட்டு உரிமம் கொடுக்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குக் குப்பைக் கட்டணம் மாதம் சுமார் 10 வெள்ளி (டாலர்), மின்சாரம், தண்ணீர்க் கட்டணத்தோடு சேர்ந்தே வந்துவிடும். ஒரு பை போட்டாலும் பத்துப் பை போட்டாலும் அதே தொகைதான். குப்பையைக் குறைத்தால் காசு மிச்சம் என்று சொல்லி யாரையும் இழுக்க முடியாது.

எங்கள் பழைய புளோக்கில் குப்பைக்குழாய் சமையலறைக்குள்ளேயே இருக்கிறது. பையைக் கட்டி, மூடியைத் திறந்து தள்ளினால் வேலை முடிந்தது. இதைவிட வசதி எங்கும் கிடையாது, சிக்கலும் அங்கேதான். ஒரு தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கழுவி, காயவைத்து, மின்தூக்கிக்குக் காத்திருந்து, கீழே இறங்கிப் போட்டுவிட்டு வரவேண்டும். இல்லையென்றால் கையை நீட்டினால் போதும். இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து வருகிறவர் எதைச் செய்வார்? குழாயில் போனதெல்லாம் துவாஸ், செனோக்கோ பக்கம் எரிஆலைகளுக்குப் போகிறது. எரித்தால் அளவு 90 விழுக்காடு குறையும். மிச்சமாகும் சாம்பல் கடல்வழியாக செமாக்கா தீவுக்குப் போகும். 1999இல் தொடங்கிய அங்குள்ள குப்பை நிலம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். இப்போது தொடக்கப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் வேலைக்குப் போகும் காலம் அது.

அப்புறம் நீலத் தொட்டி. தேசிய மறுபயனீட்டுத் திட்டம் 2001இல் வந்தது; 2014 முதல் வீவக புளோக் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொட்டி. காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடலாம், ஆலையில் பிரித்துக்கொள்வார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஒரு சனிக்கிழமை மாலை மூடியைத் திறந்து பாருங்கள். பாதி குடித்த பபிள் டீ சாய்ந்து கிடக்கும். அதற்கடியில், நான் அடுக்கிக் கொண்டுபோய்ப் போட்ட தமிழ் முரசுக் கட்டு பழுப்பாக ஊறிப்போய் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். குழம்பு வழியும் சாப்பாட்டுப் பொட்டலம், பழைய தலையணை, ஒரு காலணி, மேலே எறும்பு வரிசை. துணியோ உணவோ அதில் போடவே கூடாது என்று தொட்டியிலேயே படம் போட்டிருக்கிறது.

நம் நாட்டில் நீலத் தொட்டியில் விழுவதில் ஏறக்குறைய 40 விழுக்காடு மறுபயனீட்டுக்கு உதவாது என்று வாரியமே சொல்கிறது. நனைந்த காகிதத்தை மீட்க வழியில்லை. ஒருவர் ஊற்றும் குழம்பு பத்து வீட்டுக் காகிதத்தைக் கெடுத்துவிடும். வீடுகளின் மறுபயனீட்டு விகிதம் 2018இல் 22 விழுக்காடு, 2023இல் 12தான். தொட்டிகள் குறையவில்லை, விகிதம்தான் இறங்குகிறது. எங்கள் புளோக்கில் இரண்டாவது தொட்டி வந்தால் அதிலும் இதேதான் நடக்கும் என்று நினைக்கிறேன். (எல்லாவற்றையும் ஒரே லாரியில்தான் கொட்டுகிறார்கள் என்று பலர் சொல்வது சரியில்லை. நீலத் தொட்டிக்குத் தனி லாரி உண்டு.)

புதிய புளோக்குகள் உள்ள பொங்கோலில் என் அண்ணன் வீட்டில் மாடிக்கு இரண்டு குழாய்: ஒன்று குப்பைக்கு, ஒன்று மறுபயனீட்டுக்கு. கீழே இறங்கவே வேண்டாம் என்பதால் முழங்கால் வலியுள்ள அண்ணிகூடத் தினமும் பயன்படுத்துகிறார். பழைய புளோக்கில் அது நடக்காது.

என்னை ஒருபோதும் ஏமாற்றாத ஏற்பாடு காராங்கூனி, அதாவது வீடு வீடாக வந்து பழைய பொருள் வாங்கிப் போகிறவர். ஹாரன் சத்தம் கேட்டதும் அம்மா கதவைத் திறந்து வைத்துவிடுவார். அந்தச் சீன முதியவரோடு அம்மா மலாயில்தான் பேசுவார். அவர் நாளிதழ்களைத் தரையில் தட்டிச் சமப்படுத்தி, ரஃபியா கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, தூக்குத் தராசில் மாட்டுவார். இடையில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் உறையை உருவி எங்களிடமே திருப்பிக் கொடுப்பார். கிலோவுக்குக் கிடைப்பது சில காசுதான். ஆனால் காய்ந்த காகிதம் காய்ந்தபடியே போகிறது. பழுதான மாவு கிரைண்டரைக்கூட அவர்தான் எடுத்துப் போனார். அவருக்கும் வயதாகிவிட்டது, முன்போல அடிக்கடி வருவதில்லை என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

மின்கழிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2021 ஜூலை முதல் புதிய குளிர்பதனப்பெட்டி கொண்டுவருகிறவர்களே பழையதை இலவசமாக எடுத்துப்போக வேண்டும். எங்கள் வீட்டில் அப்படியே நடந்தது. கைபேசி, மின்கலம், விளக்குகளுக்குத் தனித் தொட்டிகள் இருக்கின்றன. 2026 ஏப்ரல் 1 முதலான பானக் கலன் திட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் பான பாட்டிலுக்கோ டின்னுக்கோ 10 காசு வைப்புத் தொகை. திருப்பிக் கொடுத்தால் காசு கையில். பாட்டிலும் டின்னும் அந்த வழியில் போய்விட்டால், நீலத் தொட்டியில் மிஞ்சுவது பெரும்பாலும் காகிதமும் அட்டைப்பெட்டியும்தான்.

அதனால்தான் சொல்கிறேன், மாதம் ஒரு ஞாயிறு காலை, கீழ்த்தளத்தில் காகிதம் மட்டும் வாங்குவோம். காராங்கூனிக்காரரிடம் முன்பே பேசி நேரம் குறித்துக்கொள்ளலாம். இறங்க முடியாத முதியவர்களின் கட்டுகளை இளையர்கள் போய் வாங்கி வரட்டும். பொருள் அங்கேயே தங்கக் கூடாது. நடைபாதையை அடைத்தால் தீயணைப்புப் பாதுகாப்புக்கு ஆகாது. நகர மன்றத்தின் அனுமதியும் வேண்டும், அந்தக் கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். முதல் காலையைத் தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் வைத்துக்கொள்ளலாம். வீடு துடைக்கும் நேரம், அலமாரிக்கு மேலே இருப்பதெல்லாம் கீழே வந்துவிடும். அடுத்ததைச் சீனப் புத்தாண்டுக்கு முன்னால் வைத்தால் அக்கம்பக்கத்தார் எல்லாருமே சேர்ந்துகொள்வார்கள்.