தகட்டை நம்புவதா, துளையை எண்ணுவதா? பழைய சைரனுக்குப் பெயர் வைக்கும் பாடு

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு காயலான் கடை வாசலில் சைரன் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. ஒரு ரூபாய்க் காசால் தகட்டின் மேலிருந்த பெயின்ட்டைச் சுரண்டினேன். எண் ஒன்று தெரிந்தது. இதுதான் மாடல் என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு பெரியவர், "தம்பி, பக்கத்துல எச்பி, ஆர்பிஎம் போட்டிருக்கா?" என்றார். போட்டிருந்தது. அவை மோட்டாரின் குதிரைத்திறனும் நிமிடச் சுற்றும். அதாவது, அது மோட்டாரின் தகடு, சைரனுடையது அல்ல. மானம் போனது.

ஆக, தகட்டை மட்டும் நம்புகிறவர்கள் முதலில் அது எதன் தகடு என்று பார்க்க வேண்டும். சைரன் கம்பெனி அடித்த தகடு என்றால் அதற்கு மேல் பேச்சில்லை.

இன்னொரு கோஷ்டி, பொதுப்பெயரிலேயே காலம் தள்ளும். அமெரிக்க ஃபெடரல் கம்பெனியின் 'தண்டர்போல்ட்' இதற்கு நல்ல உதாரணம். தனி புளோயர் (காற்றூதி) காற்றை அழுத்தி அனுப்ப, ரோட்டர் (துளையிட்ட சுழல் உருளை) அதை வெட்ட, கொம்பு சுற்றிக்கொண்டே ஊளையிடும். ஆனால் 1000 ஒற்றைத் தொனி, 1000டி இரட்டைத் தொனி. 1003-உம் இரட்டைத் தொனிதான். கூடவே மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வுகள் இருப்பதால் இரண்டு தொனியையும் மாற்றி மாற்றி ஒலிக்கும். மூன்றையும் 'தண்டர்போல்ட்' என்றால் தெருப்பெயரை மட்டும் சொல்லி வீட்டு எண்ணை விட்ட கதைதான். அதே கம்பெனியின் 2டி22, 3டி22 மாடல்கள் பற்றிய சண்டையும் இதே ரகம். 3டி22-இல் தொனியை அடைத்துத் திறக்கும் டாம்பர் (மூடி) உண்டு, 2டி22-இல் இல்லை. டாம்பர் கழன்றுபோன 3டி22-ஐ 2டி22 என்று விற்றால் ஒத்துக்கொள்ளலாமா? நான் மாட்டேன். காது அறுந்தாலும் ஆடு ஆடுதான்.

நம்ம ஊர்ப் பெயர் 'சங்கு'. பெரம்பூர் பின்னி மில் 1996-இல் மூடிய பிறகும் வடசென்னைப் பெரிசுகளின் பேச்சில் மில் சங்கு ஊதிக்கொண்டுதான் இருக்கிறது. கேட்க இனிமை, அடையாளத்துக்கு உதவாது. நீராவி விசிலும் சங்கு, மோட்டார் சைரனும் சங்கு.

எனக்குப் பிடித்தது ரோட்டரின் துளைகளை எண்ணுவது. சாக்பீஸால் ஒரு துளையில் குறி வைத்துவிட்டு ரோட்டரைக் கையால் மெல்லச் சுற்றி எண்ணினால் போதும். துளைகளை நிமிடச் சுழற்சியால் பெருக்கி 60-ஆல் வகுத்தால் சுருதி கிடைக்கும். நம்ம 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இருமுனை மோட்டார் சுமார் 2850 சுற்று ஓடும். 10 துளைக்கு 475 ஹெர்ட்ஸ், 12 துளைக்கு 570. விகிதம் 5:6, அதாவது ஷட்ஜமும் சாதாரண காந்தாரமும். அதே சைரனை 60 ஹெர்ட்ஸ் ஊரில் ஓட்டினால் இரண்டுமே உயரும், இடைவெளி மாறாது. அதனால் வீடியோவில் கேட்ட சத்தத்தை வைத்து மாடல் சொல்பவர்களிடம் ஜாக்கிரதை.

இதற்கும் எல்லை உண்டு. ஒரே எண்ணிக்கையில் பல கம்பெனிகள் வார்த்திருக்கலாம். துளை ஒரு பெயரைத் தள்ளுபடி செய்யும். அது மட்டும் பெயர் வைத்துவிடாது.

மறுபடி காயலான் கடைக்குப் போனேன். ரோட்டரின் மேல் அடுக்கில் 10 துளை, கீழ் அடுக்கில் 12. நோட்டில் எழுதியது: 'இரட்டைத் தொனி, 10/12, கம்பெனி தெரியவில்லை.' மோட்டார் எண்ணை அடுத்த வரியில், 'மோட்டார்' என்றே எழுதி வைத்தேன்.