போர்ட் ஃபார்வர்டா, டிராவர்சல் சோனா, டர்ன் சர்வரா, கிளவுடா: வீடியோ காலுக்கு எது தோது?

திருப்பூர்ப் பக்கம் நெட்வொர்க் வேலை பாக்கறவங்களுக்கு இது பழகின கதைதான். பையர் ஜெர்மனில உக்காந்துட்டு காலர் தையல கேமரா கிட்ட காட்டுங்கம்பாரு, நம்ம படம் அவருக்குப் போகும், அவரு பேசறது நமக்குக் கேக்காது, சரியா 32 செகண்டுல கால் கட். மெர்ச்சண்டைசர் நேரா நம்ம சீட்டுக்கு வந்து நிப்பாரு.

அந்த 32 செகண்டுக்குக் காரணம் இருக்குதுங்க. எஸ்ஐபில (கால் போட, எடுக்க, கட் பண்ண சிஸ்டம்க தங்களுக்குள்ள பேசிக்கற முறை) கால எடுத்த பக்கம் எடுத்துட்டேன்னு சொன்னதுக்கு ஏசிகே (சேதி வந்துருச்சுங்கற பதில்) திரும்பி வரலைன்னா, அரை செகண்டோட 64 மடங்கு பாத்துட்டு அறுத்து உட்டுரும். ஏன் வரலைன்னா, நாட் (ரூட்டர்ல உள் அட்ரஸ வெளி அட்ரஸா மாத்தற வேலை) பாக்கெட்டோட கவர் மேல இருக்கற அட்ரஸ மட்டும்தான் மாத்தும், உள்ள லெட்டர்ல 192.168.1.40க்கு அனுப்புன்னு எழுதியிருக்கறது அப்படியே போயிரும், அந்த அட்ரஸ வெச்சுட்டு ஜெர்மனிக்காரரு என்ன பண்ணுவாரு. ரூட்டர்ல இருக்கற எஸ்ஐபி ஏஎல்ஜிங்கற வசதி, உள்ள இருக்கறதையும் நானே மாத்தறேன்னு எறங்கி பாதி மாத்திப் பாதி உட்டு இன்னும் கெடுக்கும், அத மொதல்ல ஆஃப் பண்ணிருங்க.

இனி ஒவ்வொண்ணா பாப்போம். மொதல்ல போர்ட் ஃபார்வர்டு. ரூம் யூனிட்டுக்கு (கான்ஃபரன்ஸ் ரூம்ல இருக்கற வீடியோ கால் பொட்டி) ஸ்டாட்டிக் ஐபி (மாறாத அட்ரஸ்) கொடுத்து ரூட்டர்ல 1720, 5060னு போர்ட்டத் தொறந்து உடறது தான் செலவே இல்லாத வழி, ஆனா ஆகாது. ஒரு கம்பெனில இப்படி உட்டு வெச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு கான்ஃபரன்ஸ் ரூம் டிவி தானா எரிஞ்சு 1001ல இருந்து கால்னு அடிக்க, வாட்ச்மேன் அய்யன் போன் போட்டு "ஏனுங் சார், உள்ள ஆருமே இல்லீங்க, டிவி மட்டும் கூப்பிடுதுங்க"ன்னாரு. பேய் இல்ல, நெட்டு பூரா போர்ட் தட்டிப் பாக்கற ஸ்கேனர். சிஜிநாட் (ஒரே பப்ளிக் ஐபிய இன்டர்நெட் கம்பெனியே பல பேருக்குப் பங்கு போட்டுக் கொடுக்கறது) கனெக்ஷனா இருந்தா இந்த வழி மொதல்லயே அடிபட்டுரும், ரூட்டரோட வேன் ஐபி (வெளிப்பக்க அட்ரஸ்) 100.64ல இருந்து 100.127க்குள்ள இருந்தா வெளிய இருந்து ஆரும் உங்களத் தொடவே முடியாது.

டிராவர்சல் சோன் நம்மூரு திண்ணை மாதிரி. வெளியாளு திண்ணை வரைக்கும் வரலாம், நடைக்குள்ள வரோணும்னா உள்ள இருக்கறவங்கதான் கதவத் தொறக்கோணும். சிஸ்கோ எக்ஸ்பிரஸ்வேல எட்ஜ் பாக்ஸ் டிஎம்ஸெட்ல (உள் நெட்வொர்க்குக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவுல தனியா பிரிச்சு வெச்ச எடம்) ஒக்காந்திருக்கும், கோர் பாக்ஸ் உள்ள இருந்து வெளியே போயி எஸ்ஐபிக்கு 7001, அதே மாதிரி இன்னொரு கால் முறையான ஹெச்.323க்கு 6001ல கனெக்ஷன் போட்டு வெச்சுக்கும், வெளிய இருந்து வர்ற கால் அதே வழில உள்ள வரும். ஹெச்.460.18, 19 ஸ்டாண்டர்டும் இதே சூட்சுமம்தான். ஃபயர்வால்ல உள்பக்கத்துக்கு ஒரு ஓட்டை கூடப் போட வேண்டாம், இன்டர்நெட் பக்கம் எட்ஜுக்கு மட்டும் சிக்னலிங் (கால் போடற பேச்சு) போர்ட்டும், யூடிபில (தொலைஞ்சதுக்குக் காத்திருக்காம அனுப்பிட்டே இருக்கற வழி) 36000ல இருந்து 59999 வரைக்கும் மீடியாவும் (படமும் சத்தமும்) தொறந்தா போதும். கண்ணுக்குத் தெரியாத எடம் ஒண்ணு இருக்குது. எட்ஜுக்கு ஒரே நெட்வொர்க் கார்டு வெச்சு ஸ்டாட்டிக் நாட் போட்டா, கோர்ல எட்ஜோட பப்ளிக் அட்ரஸத்தான் கொடுக்கோணும், ஃபயர்வால் நாட் ரிஃப்ளெக்ஷன் (உள்ள இருந்து பப்ளிக் அட்ரஸுக்குப் போறத எட்ஜுக்கே திருப்பி உடறது) பண்ணோணும். பிரைவேட் அட்ரஸக் கொடுத்தா சோன் ஆக்டிவ்னு பச்சையா காட்டும், கால் கனெக்ட் ஆகும், படம் மட்டும் வராது. நான் ஒரு மத்தியானம் பூரா சோறு கூடத் திங்காம இதுல கெடந்தேன். ரெண்டு கார்டு போட்டிருங்க, நிம்மதி. காசு ஜாஸ்திதான், லைசென்ஸ் வேற, ஆனா வெளிநாட்டு ரூம் சிஸ்டம் உங்க ரூமுக்கு நேரா டயல் பண்ணோணும்னா எனக்குத் தெரிஞ்சு இதுதான் ஒழுங்கான வழி.

பிரவுசர்லயே பேசறதுன்னா சொந்தமா ஜிட்சியும் (மீட்டிங் சாஃப்ட்வேர்) கோடர்னும் (டர்ன் சர்வர் சாஃப்ட்வேர்) போடறது நல்ல சிக்கனம். ஐஸ் (ரெண்டு பக்கத்தையும் இணைக்க வழி பாக்கற முறை) மொதல்ல நேர்வழி தேடும், ஸ்டன் சர்வர வெச்சு தன்னோட வெளி அட்ரஸ் கேக்கும், ஒண்ணும் ஆகலைன்னாத்தான் நடுவுல நின்னு கைமாத்தி உடற டர்ன் சர்வர் வழியா சுத்தும். அப்படிச் சுத்துனா முழு பாரமும் சர்வர் தலைல, ரெண்டு பேர் ஆளுக்கு 1.5 எம்பிபிஎஸ்ல ஒரு மணி நேரம் பேசினா வெளிய தள்றது மட்டும் 1.35 ஜிபி, விபிஎஸ் (வாடகை சர்வர்) பில்ல மறந்துராதீங்க. கோடர்னோட டினைட் பியர் ஐபிங்கற செட்டிங்ல உங்க உள் நெட்வொர்க்க அடைக்காம உட்டா, டர்ன் வழியாவே உள்ள பூந்துருவாங்க.

கிளவுட் சர்வீஸ் பத்தி நீட்ட ஒண்ணுமில்ல, எல்லாம் உள்ள இருந்து வெளிய போற கனெக்ஷன். ஆனா 443 போர்ட்ட மட்டும் தொறந்து வெச்சுட்டு படம் கட்டம் கட்டமா வருதுன்னு கனெக்ஷன திட்டாதீங்க, யூடிபி அடைஞ்சா டிசிபில (தொலைஞ்சத திரும்பக் கேட்டு வாங்கி வரிசையாக் கொடுக்கற வழி) வரும், ஒரு பாக்கெட் தொலைஞ்சா பின்னாடி இருக்கறதெல்லாம் காத்துக் கெடக்கும். ஜூமுக்கு யூடிபி 8801–8810, டீம்ஸுக்கு 3478–3481, மீட்டுக்கு 3478ம் 19302–19309ம், வெளிய போற பக்கம் மட்டும் தொறந்தா போதும். பத்து இருபது சீட்டு இருக்கற நிட்டிங் யூனிட்டுக்கு நான் கண்ண மூடிட்டு இதத்தான் சொல்லுவேன்.

எத வெச்சாலும் ஆபீஸ் ஒய்ஃபைல இருந்தே கூப்பிட்டுப் பாத்து ஓகேன்னு எழுதிக் கொடுத்துறாதீங்க. மொபைல் டேட்டாவ ஆன் பண்ணி வெளிய டீக்கடைக்குப் போயி, அங்கிருந்து கூப்பிடுங்க, ரெண்டு பக்கமும் கேக்குதான்னு பாருங்க, 32 செகண்டு தாண்டட்டும், அப்பறமா டீ சொல்லிக்கலாம்.