பினாங்குத் தீவை மிதிவண்டியில் சுற்ற: வாடகையும் வழித்திட்டமும் சேர்ந்த ஒரு சேவையின் மதிப்பீடு

பினாங்குத் தீவைச் சுற்றிவரும் சாலையின் நீளம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். பழக்கப்பட்ட மிதிவண்டிக்காரர்கள் விடியலில் புறப்பட்டு, மதியச் சாப்பாட்டுக்குள் அதைச் சுற்றி முடித்துவிடுவார்கள். ஆனால் வார இறுதியில் தித்திவங்சா ஏரிப் பூங்காவைச் சுற்றி ஓட்டுவதோடு நின்றுவிடுகிற எங்களைப் போன்ற கோலாலம்பூர்க் குடும்பங்களுக்கு, அதே 70 கிலோமீட்டர் ஒரு முழு விடுமுறைக்குப் போதுமான பயணம். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டு வழியை வகுத்துத் தருகிறதா என்பதை வைத்தே ஒரு மிதிவண்டிப் பயணச் சேவையை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. தீவின் வடகிழக்கிலுள்ள ஜார்ஜ்டவுன் நகரில் மிதிவண்டி வாடகை, எழுதிக் கொடுக்கும் வழித்திட்டம், பைகளைத் தங்குமிடத்தில் சேர்த்தல் ஆகிய மூன்றையும் ஒரே கட்டணத்தில் தரும் ஒரு சிறு கடையின் சேவையை நானும் என் மனைவியும் மைத்துனரும் பயன்படுத்தினோம். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. இதுபோன்ற சேவை தரும் கடைகள் வேறும் இருப்பதால், எங்கே போனாலும் எதைக் கேட்டுப் பணம் கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்வதே பயனுள்ளது.

முதலில் பாராட்டுக்குரியது திட்டம். நாங்கள் கேட்டது ஒரே நாளில் தீவைச் சுற்றும் வழி. கடைக்காரர் எங்கள் பழக்கத்தை இரண்டு கேள்விகளில் தெரிந்துகொண்டு, தீவின் மேற்கிலுள்ள பாலிக் பூலாவில் தங்கிப் பயணத்தை இரண்டாகப் பிரிக்கும்படி சொன்னார். ஒரே நாள் வாடகைக்குக் கட்டணம் குறைவு என்பதையும், தங்கிச் செல்வதால் கடைக்குக் கூடுதலாகப் பெரிய இலாபம் எதுவும் இல்லை என்பதையும் அவரே சொல்லிவிட்டுத்தான் இந்த யோசனையை முன்வைத்தார். தீவின் வடக்கிலிருந்து மேற்குக்குப் போகையில் ஒரு மலையேற்றமும், மேற்கிலிருந்து தெற்குக்குப் போகையில் இன்னொரு மலையேற்றமும் இருக்கின்றன. பழக்கமில்லாதவர்கள் இரண்டையும் ஒரே நாளில் ஏறினால், இரண்டாவது ஏற்றம் உச்சி வெயிலில் வந்து சேரும். இடையில் கிடக்கும் பாலிக் பூலாவ் சமவெளி முழுவதும் கண்ணில் படாமலேயே கடந்துபோகும்.

எந்தத் திசையில் சுற்றுவது என்பதையும் திட்டம் காரணத்தோடு விளக்கியிருந்தது. மலேசியாவில் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஆகவே ஜார்ஜ்டவுனிலிருந்து தெற்கே இறங்கிக் கடிகாரத் திசையில் சுற்றினால் கடல் எப்போதும் நம் பக்கத்திலேயே இருக்கும். காட்சிக்கு அதுவே நல்லது. எதிர்த்திசையில் சென்றால் கடல் சாலைக்கு அப்பால் வலப்பக்கம் போய்விடும். இருந்தும் கடை எதிர்த்திசையையே பரிந்துரைத்தது. அதிகாலையில் தஞ்சோங் பூங்கா, பத்து பிரிங்கி வழியாக மேற்கு நோக்கிப் போகையில் வெயில் முதுகுப்பக்கம் விழும். கடற்கரை விடுதிகளிலிருந்து கார்களும் சுற்றுலாப் பேருந்துகளும் கிளம்புவதற்குமுன் அந்தக் குறுகலான வளைவுச் சாலையைத் தாண்டிவிடலாம். தெலுக் பஹாங்கிலிருந்து அணைக்கட்டைத் தாண்டிப் போகும் பெரிய ஏற்றத்தைக் கால்கள் களைக்குமுன் ஏறிவிடலாம். கடலைப் பார்க்க விரும்புகிறவர்கள் பாதுகாப்பாகச் சாலையைக் கடந்து நிற்கத்தக்க இடங்கள் எவை என்று திட்டத்தில் தனியே குறித்திருந்தார்கள். இந்தக் குறிப்பு வாடகைத் தொகையைவிடப் பெருமதியானது என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் பத்து பிரிங்கிச் சாலையில் வளைவுக்கு நடுவே சட்டென்று நிற்பதுதான் புதியவர்களுக்கு நேரக்கூடிய பெரிய ஆபத்து.

புறப்படும் நேரத்தைப் பற்றி ஒரு சொல். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1 முதல் அரை மணி நேரம் முன்தள்ளி வைக்கப்பட்டிருப்பதால், பினாங்கில் பொழுது ஏழு மணியையொட்டித்தான் விடிகிறது. ஆறரை மணிக்குக் கிளம்ப வேண்டுமானால் முன்விளக்கும் பின்விளக்கும் இன்றியமையாதவை. கடை இரண்டையும் கட்டணமில்லாமல் தந்தது. சில கடைகள் அவற்றைத் தனியாகக் கணக்கிடுகின்றன என்பதால் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

இனி வண்டிகள். கடைக்காரர் எங்கள் கண்ணெதிரே ஒவ்வொரு வண்டியின் பின்சக்கரத்தையும் தரையிலிருந்து தூக்கிப் பெடலைச் சுழற்றி, கியர்களை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கிச் செயின் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டார். செயின் தேய்ந்திருக்கிறதா என்று அளவுகோலை வைத்துப் பார்த்தார். இருக்கையில் ஏறி உட்காரச் சொல்லி, குதிகாலைப் பெடலின் மேல் வைத்தால் கால் நேராக நீளும்படி உயரத்தைச் சரிசெய்தார். பிரேக் கட்டைகள் பழையவையாகத் தெரிந்த ஒரு வண்டியைக் கேட்காமலேயே ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுத்துவந்தார். “அண்ணே, நேர் ரோட்டுல எல்லா வண்டியும் நல்லாத்தான் ஓடும். அணைக்கட்டத் தாண்டினாத்தான் தெரியும், எது வண்டின்னு,” என்று அவர் சொன்னது முற்றிலும் உண்மை.

அவர் சொன்னதை அவருடைய கடையே முழுமையாகப் பின்பற்றவில்லை என்பதுதான் என் முதல் குறை. முன்பதிவுப் படிவத்தில் உயரத்தைக் கேட்கிறார்கள். எவ்வளவு பழக்கம் என்பதைக் கேட்பதில்லை. என் மைத்துனர் உயரமானவர் என்பதால் அவருக்குப் பொருந்தும் அளவில் இருந்த ஒரே வண்டி பந்தயப் பாணி வண்டியாக இருந்தது. அதில் முன்பக்கச் சிறிய பல்சக்கரத்தில் 34 பற்கள், பின்பக்கப் பெரிய பல்சக்கரத்தில் 28 பற்கள். அதாவது எவ்வளவு எளிய கியரில் வைத்தாலும், பெடலை ஒரு முறை சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்றுக்கும் மேலாகவே சுழலும். என் மனைவியின் வண்டியிலோ முன்பக்கம் 28, பின்பக்கம் 34 என்று இருந்ததால், ஒரு முழுச் சுற்றுக்குக் குறைவாகவே சக்கரம் நகர்ந்தது. ஏற்றத்தில் அவர் மெதுவாக, ஆனால் இறங்காமல் ஏறினார். மைத்துனரோ செங்குத்தான பகுதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். உடல் வலுவில் அவர் எங்கள் இருவரையும் மிஞ்சியவர். ஆகவே பதிவு செய்யும்போதே, பின்பக்கப் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பற்கள் என்று கேளுங்கள். 34 அல்லது அதற்குமேல் என்ற பதில் வந்தால் ஒத்துக்கொள்ளலாம்.

அந்த ஏற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த விடுமுறையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. தெலுக் பஹாங் வட்டச்சந்தியில் நேராகப் போனால் மீன்பிடிப் படகுத்துறையும் பினாங்குத் தேசியப் பூங்காவின் வாசலும் வரும். மாசிமகத்துக்குச் சிங்கமுகக் காளியம்மன் கோவிலுக்கு வந்துபோன தமிழர்களுக்கு இந்த இடம் நன்றாகத் தெரிந்திருக்கும். இடப்பக்கம் திரும்பினால் சாலை அணைக்கட்டை நோக்கி உயரத் தொடங்குகிறது. நீர்த்தேக்கம் கண்ணில் படும்வரை நிழல் குறைவு. அதன்பின் காடும் பழத்தோட்டங்களும் இருபுறமும் சாலையை மூடிக்கொள்ள, வெப்பம் சட்டென்று தணிகிறது. வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் உச்சி எங்கே என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. திட்டத்தில், “தித்தி கெராவாங் அருவிக்கு முன் தண்ணீர் தீரவிடாதீர்கள்” என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்ததன் அருமை அங்கே புரிந்தது. அருவியை ஒட்டிய பழக்கடைகளில் ஜாதிக்காய்ச் சாறு கிடைக்கிறது. பினாங்கில் ஜாதிக்காயும் கிராம்பும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலிருந்து பயிராகிவருபவை. குரங்குகள் சாலையோரம் காத்திருக்கும். உணவுப் பொட்டலத்தைக் கைப்பிடியில் தொங்கவிட வேண்டாம்.

இறக்கம் இன்பமானது, ஆனால் மழை பெய்திருந்தால் கவனம் வேண்டும். திட்டத்தில் மழையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது இரண்டாவது குறை. பினாங்கில் பிற்பகல் இடிமழை சாதாரணம். சாலையில் நனைந்த வெள்ளைக்கோட்டுப் பூச்சின் மேலும் உதிர்ந்த இலைகளின் மேலும் டயர் வழுக்கும். வளைவுக்குள் நுழையுமுன் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் பிரேக் பிடிக்கக் கூடாது என்கிற எளிய எச்சரிக்கையை ஒரு கடை தன் வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் விடுவது சரியல்ல. பின்னர் இதைக் கடைக்காரரிடம் சொன்னபோது அவர் மறுக்காமல் குறித்துக்கொண்டார்.

பாலிக் பூலாவில் எங்களுக்குக் கிடைத்த பொழுது, கொடுத்த பணம் முழுவதற்கும் ஈடாக இருந்தது. மலைக்கும் மேற்குக் கடலுக்கும் நடுவே விரிந்துகிடக்கும் இந்தச் சமவெளியில் வயல்களும் தென்னந்தோப்புகளும் கம்பத்து (கிராமத்து) வீடுகளும் கால்வாய்களும் மாறி மாறி வருகின்றன. சுங்கை பினாங்குப் பக்கமும் பூலாவ் பெத்தோங் மீனவர் கிராமத்துப் பக்கமும் செல்லும் சிறு சாலைகளில் ஏற்றமே கிடையாது எனலாம். கடை தந்த வழித்திட்டம் இந்தப் பகுதிக்கு ஒரே ஒரு நேர்வழியைத் தராமல், காலையில் சுற்ற ஒன்று, வெயில் தாழ்ந்தபின் சுற்ற ஒன்று என இரண்டு வளையங்களைத் தந்திருந்தது. மாலை வளையம் மேற்குக் கடற்கரையில் கதிர் மறையும் நேரத்துக்குப் போய்ச் சேரும்படி கணக்கிடப்பட்டிருந்தது. வழியில் எங்கேனும் நாய்கள் துரத்தினால் இறங்கி வண்டியை நடுவே வைத்துக்கொண்டு நடக்கும்படியும் எழுதியிருந்தார்கள், அது பயன்பட்டது.

சிறுவர்களோடு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அவர்களைப் பத்து பிரிங்கிச் சாலையில் ஓட்டவிடாதீர்கள். வண்டிகளையும் பிள்ளைகளையும் வேனில் ஏற்றி நேரே பாலிக் பூலாவில் இறக்கிவிடும் ஏற்பாட்டைக் கடையிடம் கேளுங்கள். நாங்கள் விசாரித்தபோது கூடுதல் கட்டணத்துக்கு அதைச் செய்து தருவதாகச் சொன்னார்கள், ஆனால் விளம்பரத்தில் அதைப் போடவில்லை. போட்டிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் துணிந்து வரும்.

சாப்பாட்டு விஷயத்தில் திட்டம் மெத்தனமாக இருந்தது. பாலிக் பூலாவ் என்றாலே லக்சா (குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அங்கே கிடைக்கும் புளிப்பு லக்சாவின் குழம்பு மீனை வேகவைத்து எடுப்பது. என் மனைவி மரக்கறி மட்டுமே உண்பவர். தமிழ் வாடிக்கையாளர்கள் இவ்வளவு பேர் வரும் கடையில், மரக்கறிச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று ஒரு வரி சேர்ப்பது பெரிய வேலையன்று. ஜார்ஜ்டவுனில் லிட்டில் இந்தியாவில் இட்லியும் தோசையும் பசியாறிவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு அடுத்த வேளை எங்கே என்பதுதான் கேள்வி.

பைகள் தங்குமிடத்துக்கு மாலை வெகுநேரம் கழித்தே வந்துசேர்ந்தன. வியர்வையில் நனைந்த உடையோடு காத்திருப்பது எரிச்சலூட்டியது. மாற்றுடை ஒன்றைக் கேரியரில் கட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபாதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கெந்திங் மேட்டு ஏற்றம் முதல் ஏற்றத்தைவிடச் சிறியது. தெலுக் கும்பாரில் மீண்டும் கடல் தென்படுகிறது. பத்து மாவுங்கில் 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலம் தீவைத் தொடும் இடத்தைத் தாண்டியபின் தொழிற்பேட்டைப் போக்குவரத்தும் லோரிகளும் கூடுகின்றன. குயின்ஸ்பே பக்கம் கடலை ஒட்டிய மிதிவண்டித் தடத்தில் ஏறிக்கொள்ளும்வரை அவசரப்படக் கூடாது. இந்தப் பகுதியை வார நாளில் ஓட்டாமல் ஞாயிறு காலையில் ஓட்டும்படி திட்டத்தில் இருந்த அறிவுரை மிகச் சரியானது.

கோலாலம்பூரிலிருந்து வருவோருக்கு இரயிலே வசதி. பட்டர்வொர்த் நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு நடந்தே போகலாம். தீவை இணைக்கும் இரண்டு பாலங்களிலும் மிதிவண்டிக்கு அனுமதியில்லை என்பதால், வண்டியோடு கடக்க நினைப்பவர்களுக்கும் படகுதான் வழி. 2021இலிருந்து அந்தச் சேவையில் கார்கள் ஏற்றப்படுவதில்லை. நடந்து வருவோரோடு மோட்டார்சைக்கிள்களும் மிதிவண்டிகளும் மட்டுமே.

முன்பதிவு செய்யுமுன் முன்பணத்தைப் பற்றிய விதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மழையால் பயணம் நின்றால் தேதியை மாற்றித் தருவார்களா, வழியில் டியூப் வெடித்தால் மாற்று டியூபும் பம்பும் யார் பொறுப்பு, மலைக்கு அப்பால் வண்டி பழுதானால் வேன் வருமா என்ற மூன்றுக்கும் எங்கள் கடை தெளிவாகப் பதில் சொன்னது. கடைசிக் கேள்விக்கு “பாலிக் பூலாவ் வரைக்கும் வரும்” என்று எல்லையையும் சொன்னது. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மழை குறைவு. செப்டம்பர், அக்டோபரில் மிகுதி. ஜூன், ஜூலையில் டுரியான் பருவம் என்பதால் மலைச்சாலையில் கார்கள் நிறையும், பாலிக் பூலாவில் அறை கிடைப்பதும் அரிது. தோட்டத்திலேயே உட்கார்ந்து ஆங் ஹே என்னும் டுரியான் வகைப் பழம் சாப்பிட வேண்டும் என்பவர்கள் மட்டும் அந்த மாதங்களில், அதுவும் வார நாள்களாகப் பார்த்து, அறையை முதலில் உறுதிசெய்துவிட்டு வண்டிக்குப் பணம் கட்டுங்கள்.