ஏழு வருஷம், பதினொரு சீஆர் கொப்பி: ஒரு மொண்டிசோரி மிஸ்ஸின்ர அனுபவம்

கொழும்பு வெள்ளவத்தையில கடற்கரைப் பக்கமா ஒரு சின்ன மொண்டிசோரியில, அதாவது முன்பள்ளியில, படிப்பிக்கிறன். 22 பிள்ளையள், ரெண்டு மிஸ்மார், காலமை எட்டரையில இருந்து பதினொன்றரை வரைக்கும். 2018 ஜனவரியில ஒரு 120 பக்க சீஆர் கொப்பி (தடிச்ச மட்டை போட்ட கோட்டுக் கொப்பி) வாங்கி, ஒவ்வொரு நாளும் வகுப்பில கண்டதைக் கொஞ்சம் எழுதத் தொடங்கினன். இப்ப ஏழு வருஷம் தாண்டி பதினோராவது கொப்பி ஓடுது. புதுசா இந்த வேலைக்கு வாற தங்கச்சிமார் கனபேர் "மிஸ், இதை எழுதிறதால உண்மையா என்ன பிரயோசனம்" எண்டு கேக்கினம். ஒரு மாசம் செய்து பாத்திட்டுச் சொல்லுற பதில் வேற, ஏழு வருஷம் செய்து பாத்திட்டுச் சொல்லுற பதில் வேற, அதால ஆறுதலா இருந்து எழுதுறன்.

முதல் மூண்டு மாசம் எழுதினதை இப்ப வாசிச்சா எனக்கே கவலையா இருக்கு. "இண்டைக்கு சரியான குழப்படி." "இவன் பிடிவாதம்." "இவ நல்ல பிள்ளை." முழுக்க இப்பிடித்தான். ஒரு பிள்ளை என்ன செய்தது எண்டு ஒரு வரி கூட இல்லை, எல்லாம் நான் குடுத்த தீர்ப்பு. டிப்ளோமா வகுப்புக்குப் போன நேரம் எங்களுக்குப் படிப்பிச்ச மேடம் கொப்பியை வாங்கிப் பாத்திட்டு, பேனையால ஒண்டும் வெட்டாமல், "பிடிவாதம் எண்டா கையால என்ன செய்தவன், வாயால என்ன சொன்னவன், அந்த நேரம் பக்கத்தில ஆர் நிண்டது" எண்டு மட்டும் கேட்டா. எனக்கு ஒண்டுமே ஞாபகம் வரேல்ல. அண்டையில இருந்து நேரம், இடம், செய்தது, சொன்னது, இது நாலும்தான் எழுதுறன். பிள்ளை சொன்னதை பிள்ளை சொன்ன மாதிரியே எழுதுவன், சிங்களத்தில சொன்னா சிங்களத்திலயே, அரைகுறையாச் சொன்னா அரைகுறையாவே.

இந்த முறையைத் தொடங்கின மரியா மொண்டிசோரி அம்மையார் டொக்டருக்குப் படிச்சவா எண்டது எங்களில கனபேருக்குத் தெரியும், ஆனா அதுக்கும் படிப்பிக்கிறதுக்கும் என்ன தொடர்பெண்டு நாங்கள் யோசிக்கிறேல்ல. ஒரு டொக்டர் நோயாளியைப் பாத்துப் பாத்துக் குறிப்பெழுதுற மாதிரி, முதல் பிள்ளையைப் பார், பிறகு படிப்பி எண்டதுதான் அவா சொன்னதில முக்கால்வாசி. 1944 இல இலங்கைக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தின ஆள் அவா. எங்கட நாட்டில எந்த முன்பள்ளியா இருந்தாலும் சனம் மொண்டிசோரி எண்டுதான் சொல்லுது, பேர் நல்லா ஒட்டிட்டுது, ஆனா அந்தப் பாக்கிற பழக்கம் எத்தினை இடத்தில இருக்கு? பிங்க் டவர் (ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கிற ரோஸ் நிறக் கட்டையள்) அலுமாரியில வடிவா அடுக்கி இருக்கும், பிள்ளையைப் பற்றி ஒரு துண்டில கூட ஒண்டும் இராது. இதைக் கோவத்தில சொல்லேல்ல, நானும் அப்பிடி நாலு வருஷம் படிப்பிச்சவள்தான்.

எழுதின ஆள் திருப்பி வாசிக்கேக்கதான் கொப்பி வேலை செய்யத் தொடங்கும், இதை எனக்குக் காட்டினது ஒரு தண்ணிப் போத்தல். மூண்டரை வயசுப் பெடியன் ஒருத்தன், வந்து ஒரு மாசம் இருக்கும், பத்து மணிக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சிணுங்கத் தொடங்குவான், ஒண்டிலயும் கை வைக்கமாட்டான், மற்றப் பிள்ளையளைத் தள்ளுவான். வீட்டுப் பழக்கம், செல்லம் குடுத்து வளத்திருக்கினம் எண்டு நாங்கள் ரெண்டு மிஸ்மாரும் கதைச்சு முடிவே எடுத்திட்டம். ஒரு சனிக்கிழமை கொப்பியை எடுத்துப் பின்னால இருந்து வாசிச்சுக்கொண்டு போறன், ஒரு நாள் "போத்தல் நிறையத் தண்ணியோட வீட்ட போகுது, அம்மா கேட்டவா ஏன் குடிக்கேல்ல எண்டு" எண்டு எழுதியிருக்கு, நாலு நாளைக்குப் பிறகு "டொய்லட் வாசலில நிண்டு அழுதான், உள்ள போகேல்ல" எண்டு கிடக்கு, இன்னொரு நாள் "பக்கத்தில மிக்சர் போட்ட சத்தத்துக்கு ரெண்டு காதையும் பொத்தினான்". மூண்டையும் நான்தான் எழுதினன், எழுதேக்க ஒண்டுக்கொண்டு ஒட்டேல்ல, ஒண்டா வாசிக்கேக்கதான் நெஞ்சுக்க திக்கெண்டுது. பிள்ளை ஃபிளஷ் பண்ணுற சத்தத்துக்குப் பயந்து டொய்லட் போறேல்ல, டொய்லட் போகக்கூடாதெண்டு தண்ணி குடிக்கிறேல்ல, கொழும்பு வெயிலில தண்ணி குடியாமல் பத்து மணிக்கு எந்தப் பிள்ளைதான் சந்தோசமா இருக்கும்? திங்கக்கிழமை ஒரு சிவப்பு வாளியும் கோப்பையும் வைச்சு, இண்டைக்கு ஃபிளஷ் இல்லை, நீயே தண்ணி ஊத்து எண்டு சொன்னன். முதல் நாள் எட்டி மட்டும் பாத்தான். புதன்கிழமை தானே போய் மூண்டு கோப்பை ஊத்திப்போட்டு வந்து "மிஸ், நான் ஊத்தினான்" எண்டான். போத்தல் வெறும் போத்தலா வீட்ட போச்சு. ரெண்டு மாசத்தால ஃபிளஷ் கட்டையையும் தானே இழுத்தான், இழுத்திட்டு ஓடி வந்து கதவுக்கு வெளியில நிண்டு சத்தம் முடியும் வரைக்கும் கேட்டுக்கொண்டு நிப்பான்.

கொப்பி இல்லாட்டி அந்தப் பிள்ளைக்கு "குழப்படி" எண்ட பேர் வருஷம் முழுக்க நிண்டிருக்கும், அடுத்த வருஷ மிஸ்ஸுக்கும் அந்தப் பேரைத்தான் நாங்கள் குடுத்து அனுப்பியிருப்பம்.

அடுத்தது எண்ணிப் பாத்த கதை. அந்த வருஷம் ஜூன் முடிவில சும்மா ஒரு யோசனை வந்து அந்த மாசம் ஆரைப் பற்றி எத்தினை தரம் எழுதியிருக்கிறன் எண்டு கோடு போட்டு எண்ணினன். ஒரு பெடியனுக்கு 14 தரம். அவன் மேசைக்கு மேல ஏறுற ஆள். ஒரு பெண்பிள்ளைக்கு ஒண்டுமில்லை. ஒரு மாசம் முழுக்க ஒரு வரி கூட இல்லை, அவ ஒவ்வொரு நாளும் வந்தவ, வரவு பதியிற டாப்பில பேர் இருக்கு, எனக்குப் பக்கத்தில இருந்துதான் பலகாரம் சாப்பிட்டவ. சத்தம் போடாத பிள்ளை, அழாத பிள்ளை, சொன்னதைச் செய்யிற பிள்ளை எங்கட கண்ணில படுறேல்ல. அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை வரேல்ல. அதுக்குப் பிறகு ஒரு நாளைக்கு மூண்டு பேர் எண்டு டாப்பு ஒழுங்கில முதலே பேர் குறிச்சு வைக்கிறன், அப்பிடியெண்டா எட்டு நாளைக்குள்ள 22 பேரும் ஒருக்கா வந்திடுவினம். புதுசாத் தொடங்கிற ஆக்களுக்கு நான் முதல் சொல்லுறது இதைத்தான், மற்ற எதை விட்டாலும் இதை விடாதேங்கோ.

தனிய எழுதிக்கொண்டு இருந்திருந்தா நான் ரெண்டாவது வருஷமே விட்டிருப்பன், இதையும் சொல்லவேணும். இந்த வேலையில சம்பளம் எவ்வளவெண்டு உங்களுக்குத் தெரியும், வீட்டில "சின்னப் பிள்ளையளோட விளையாடுறதுக்கு என்ன எழுத்து" எண்டு கேப்பினம். எங்களில அஞ்சு பேர், ரெண்டு பேர் வெள்ளவத்தை, ஒராள் தெஹிவளை, ஒராள் கொட்டாஞ்சேனை, ஒராள் வத்தளை, மாசத்தில முதல் சனிக்கிழமை பின்னேரம் ராமகிருஷ்ணா ரோட்டில ஒரு அக்காவின்ர ஃபிளட்டில கூடுவம். ஒவ்வொராளும் அந்த மாசம் எழுதினதில ஒரு பக்கம் வாசிக்கவேணும், அவ்வளவுதான் சட்டம். பிள்ளையின்ர பேர் சொல்லுறேல்ல. தேத்தண்ணியும் வடையும் இருக்கும், அதுவும் ஒரு காரணம்தான்.

2019 இல என்ர வகுப்பில ஒரு பிள்ளை. வீட்டில அம்மா இங்கிலீஷ், அம்மம்மா தமிழ், வேலைக்கு வாற அன்ரி சிங்களம். வகுப்பில ஒரு சொல்லும் கதைக்காது. ரெண்டு மாசம், மூண்டு மாசம், நான் பயந்திட்டன், தாய்க்குச் சொல்லி டொக்டரிட்ட காட்டச் சொல்லுவமா எண்டு யோசிச்சுக்கொண்டு அந்தச் சனிக்கிழமை அந்தப் பக்கத்தைத்தான் வாசிச்சன். கொட்டாஞ்சேனை மிஸ் தன்ர பழைய கொப்பியைத் தூக்கினா, அவவின்ர வகுப்பில இதே மாதிரி ஒரு பெடியன், அஞ்சு மாசம் வாயே திறக்கேல்ல, பிறகு ஒரு நாள் முழு வசனத்தோட தொடங்கினவன். அவ தேதியோட வாசிச்சா. புது மொழிக்குள்ள வாற சின்னப் பிள்ளையள் சிலது முதல் கொஞ்சக் காலம் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும், கண்ணாலயும் கையாலயும் கதைக்கும், அது வழமையானதுதான் எண்டு புத்தகத்தில நான் படிச்சிருந்தன், பரீட்சைக்கும் எழுதினன், ஆனா எனக்கு நம்பிக்கை வந்தது கொட்டாஞ்சேனைப் பெடியன்ர கதையைக் கேட்ட பிறகுதான். சைகை செய்யுதா, மற்றப் பிள்ளையளைப் பாக்குதா, வீட்டில கதைக்குதா எண்டு பாக்கச் சொன்னா, எல்லாத்துக்கும் ஓம். நாலாவது மாசம் மா பிசைஞ்சு விளையாடேக்க பக்கத்தில இருந்த பிள்ளையிட்ட கையை நீட்டி "தா" எண்டா. அந்த ஒரு எழுத்தை நான் கொப்பியில பெரிசா எழுதிச் சுத்தி வட்டம் போட்டிருக்கிறன். (வீட்டிலயும் கதைக்காட்டி, கூப்பிட்டாத் திரும்பாட்டி, பொறுக்கக்கூடாது, டொக்டரிட்டத்தான் போகவேணும், இதையும் சேத்து வாசியுங்கோ.)

இப்பிடி எழுதிறதொண்டும் புதுசில்லை. அமெரிக்காவில விவியன் பேலி எண்டு ஒரு மிஸ், சிக்காகோவில சின்ன வகுப்புப் படிப்பிச்சவா, பிள்ளையள் கதைக்கிறதை ரேப் ரெக்கோடரில பிடிச்சு, பிறகு இருந்து கேட்டு எழுதுவா, அப்பிடி எழுதி எழுதித்தான் தன்ர பிழையளையே கண்டுபிடிச்சவா. நியூசிலாந்தில மார்கரட் கார் எண்ட ஆள் கொண்டு வந்த கற்றல் கதை முறை எனக்கு இன்னும் நெருக்கம், பிள்ளைக்கு என்ன ஏலாது எண்டு பட்டியல் போடாமல், பிள்ளை இண்டைக்கு எதுக்கு முயற்சி செய்தது எண்டு ஒரு சின்னக் கதையா எழுதி, அதைப் பிள்ளைக்கும் தாய் தேப்பனுக்கும் வாசிச்சுக் காட்டுறது. 2021 தொடக்கம் தவணைக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு கதை நானும் எழுதிக் குடுக்கிறன். ஒரு அப்பா, முச்சக்கரவண்டி ஓடுறவர், தன்ர மகள் செருப்பு வார் மாட்ட ஏழு தரம் முயற்சி செய்த கதையை மடிச்சு வண்டிக் கண்ணாடிக்குப் பக்கத்தில செருகி வைச்சிருந்தார், ஒரு நாள் ஏறேக்கதான் கண்டன்.

கஷ்டமும் சொல்லவேணும். 2020 மார்ச்சில கொரோனாவால எல்லாம் பூட்டினாப் பிறகு எழுத ஒண்டுமில்லாமல் போச்சு, அம்மாமார் வட்ஸ்அப்பில அனுப்பின வொய்சை வைச்சுக் கொஞ்சம் எழுதினன், அது ஒப்பேறேல்ல, பிள்ளை செய்யிறதை நேர கண்டு எழுதிற மாதிரி வராது. 2022 இல, நாட்டின்ர பொருளாதார நெருக்கடிக்க, மேல் மாகாணத்தில கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சையே தள்ளிப் போன நேரம், சீஆர் கொப்பி விலை கேட்டிட்டு வைச்சிட்டு வந்தன். அந்த வருஷத்து எட்டாவது கொப்பி உண்மையில கொப்பி இல்லை, பழைய கலண்டர் ஒற்றையளின்ர பின்பக்கத்தை நூல் போட்டுத் தைச்சது. கரண்ட் இல்லாத இரவுகளில ஃபோன் டோர்ச்சில எழுதினது, எழுத்துக் கோணல் மாணலா இருக்கு. பெற்றோல் இல்லாமல் சனிக்கிழமைக் கூட்டமும் நிண்டு போச்சு, அஞ்சு பேரும் வொய்சில வாசிச்சு அனுப்பினம்.

ஃபோனில எழுதியும் ஒரு வருஷம் பாத்தன். எழுதக் கெதி, தேடவும் சுகம், ஆனா வகுப்பில ஃபோனை எடுத்த உடன பிள்ளையளின்ர முகம் மாறும், "மிஸ் போட்டோ எடுங்கோ" எண்டு வந்து நிக்கும், செய்துகொண்டு இருந்தது அறுந்து போம். கொப்பியும் பேனையும் எண்டா திரும்பியும் பாக்காதுகள். அதோட போட்டோ எண்டது வேற ஒரு ஆபத்து, பிள்ளையின்ர முகத்தை தாய் தேப்பனைக் கேக்காமல் வெளியில போடக்கூடாது, நான் எழுதிறதிலயும் பேருக்குப் பதிலா ஒரு பூவின்ர பேர்தான் போடுறன், மல்லிகை, நித்தியகல்யாணி இப்பிடி. கொப்பி அலுமாரியில பூட்டிலதான் இருக்கும். ஒருக்கா முந்தி வேலை செய்த இடத்தில கொப்பியை மேசையில விட்டிட்டுப் போக, ஒரு தாய் எடுத்து வாசிச்சிட்டா, நான் "பிடிவாதம்" எண்டு எழுதின காலம் அது. அவ ஒண்டும் பேசேல்ல, அடுத்த நாள் பிள்ளையின்ர கையைப் பிடிச்சபடி வாசலில நிண்டு "என்ர பிள்ளை அப்பிடியா மிஸ்" எண்டு மட்டும் கேட்டா. அந்தக் கேள்விக்கு இன்னும் என்னிட்டப் பதில் இல்லை, ஆனா அதுக்குப் பிறகு தாய் வாசிச்சாலும் பரவாயில்லை எண்டு சொல்லக்கூடிய மாதிரித்தான் ஒவ்வொரு வரியும் எழுதுறன்.

நேரம்தான் பெரிய பிரச்சினை. அந்தப் பழைய இடத்தில எழுதிறதுக்கு நேரம் கேக்க, வீட்ட கொண்டு போய் எழுதச் சொல்லிச்சினம். வீட்ட போனா சமையல், உடுப்பு, என்ர பிள்ளையளின்ர படிப்பு, ஒம்பது மணிக்குப் பேனை எடுத்தா ஒண்டும் ஞாபகம் இராது. பதினொன்றரைக்குப் பிள்ளையள் போய் நிலம் கூட்ட முதல் எழுதிற ஏழு நிமிஷம்தான் உயிருள்ள எழுத்து. எங்கட சம்பளமில்லாத நேரத்தில எடுக்கிற வேலையா இதை வைச்சிருந்தா எத்தினை பேர் தொடருவினம்? இப்ப இருக்கிற இடத்தில பெரிய மிஸ்ஸிட்ட தண்ணிப் போத்தல் கதையையும் எண்ணிப் பாத்த கதையையும் கொப்பியோட கொண்டு போய்க் காட்டிக் கேட்டன். அவ ரெண்டு நாள் கொப்பியை வைச்சிருந்து வாசிச்சா. இந்த வருஷம் தொடக்கம் வெள்ளிக்கிழமையளில பதினொன்றரையில இருந்து பன்னிரண்டு மணி வரைக்கும் ரெண்டு மிஸ்மாருக்கும் எழுத எண்டே நேரம், சம்பளத்தோட, தந்திருக்கிறா. மற்ற மிஸ்ஸும் இப்ப ஒரு கொப்பி வாங்கிட்டா, நீல மட்டை, 80 பக்கம்.