ட்ரெட்டினாயின் கிரீம்: மருந்துக்கு நாலு ஸ்டார், விற்ற கடைக்கு ஒன்றே அதிகம்

கண்ணோரச் சுருக்கத்துக்கு ஈரோட்டில் தோல் டாக்டர் எழுதிக் கொடுத்து நான் போடுவது 0.025 சதவீத ட்ரெட்டினாயின் கிரீம், வைட்டமின் ஏ வகை மருந்து. முதலில் பருவுக்கென்று வந்த மருந்து இது, சுருக்கத்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 1990களில்தான். நல்லாவே கேட்கிறது, ஆனால் மெதுவாக. மூன்று மாதத்துக்குக் கண்ணாடியில் பெரிசாக ஒன்றும் தெரியாது, அதற்கு முன்னாடியே மூக்கோரமும் வாயோரமும் செதில் செதிலாக உரியும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். ராத்திரி முகம் கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு, ஆரம்பத்தில் வாரம் ரெண்டு மூணு ராத்திரி போதும். மூக்கு மடிப்பில் முதலிலேயே கொஞ்சம் வாசலின் தடவிவிட்டால் எரிச்சல் குறையும்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு எங்க நங்கையா, அதான் அண்ணன் சம்சாரம், திருப்பூரில் ஒரு மெடிக்கலில் போய்க் கேட்டிருக்கிறார். சீட்டு எங்கே என்று ஒரு வார்த்தை இல்லை. "இது சீக்கிரம் கேக்குமுங்க அக்கா" என்று 0.1 சதவீத ட்யூபை எடுத்து நீட்டியிருக்கிறான், நான் போடுவதைவிட நாலு மடங்கு வீரியம். கூடவே கிளைக்காலிக் ஆசிட் சீரம் ஒன்று (அதுவும் தோலை உரிக்கிற சமாச்சாரம்தான்), வியாபாரம் ஆச்சல்லவா! நங்கையா அதைக் காலையும் ராத்திரியும் பவுடர் பூசுகிற மாதிரி தாராளமாக அப்பி, மேலே சீரத்தையும் தடவிக்கொண்டு, சன்ஸ்கிரீன் கிடையாது ஒன்றும் கிடையாது, மத்தியான வெயிலில் பனியன் கம்பெனிக்கு வண்டியில் போய்வந்திருக்கிறார். சீக்கிரமே கன்னம் ரெண்டும் செவந்து, தண்ணி பட்டாலே காந்த ஆரம்பித்தது. எங்கம்மா வேறு மஞ்சளை அரைத்துப் போடு என்கிறார் (ஈரோட்டுக்காரர்களுக்கு எல்லாத்துக்கும் மஞ்சள்தான்). "எதுவும் வேண்டாம், எல்லாத்தையும் நிறுத்துங்க நங்கையா" என்று டாக்டரிடம் கூட்டிப்போனேன். வெறும் மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், அவ்வளவுதான் எழுதினார். எரிச்சல் அடங்கிவிட்டது, கருப்புத்தான் நிற்கிறது. நம்ம மாநிறத் தோலில் வெந்த இடம் கருத்தால் தெளிய மாசக்கணக்கு ஆகும்.

இதைவிட வில்லங்கம் ஹைட்ரோகுவினோன் (கருமையை வெளுக்க வைக்கிற மருந்து), ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்த ட்யூப். அந்த மொமெட்டசோன் ஸ்டீராய்டு. ஆரம்பத்தில் முகம் பளபளக்கும், ஊரே கேட்கும். மாசக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரியும், பரு வரும், முகத்தில் முடி முளைக்கும், நிறுத்தினால் நெருப்பாக எரியும். 2018லேயே இந்த மாதிரி ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு சொல்லியாச்சு. ஆகவே கடைக்காரர் "அதே மாதிரிதானுங்க" என்று வேறு ட்யூப் கொடுத்தால், கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்னால் அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள், கண் தெரியாவிட்டால் போனில் படம் எடுத்துப் பெரிசாக்கியாவது.

அப்புறம், கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் ட்ரெட்டினாயின் ட்யூபைத் தொடவே வேண்டாம். நங்கையாவிடம் அந்தக் கடையில் இதைக்கூட யாரும் கேட்கவில்லை.