கரம் ஸ்ட்ரைக்கர்: 15 கிராமா, 10 கிராமா?

ஹட்டன் பக்கத்துத் தம்பிமார் எடுத்த எடுப்பிலேயே கேட்பது 15 கிராம் ஸ்ட்ரைக்கர். சர்வதேச விதிப்படி அதுதான் உச்ச எடை, இலேசானதற்கும் தடையில்லை.

முதல் அடி: காய்க் கூட்டத்தைச் சிதறடிக்க 15 நல்லது. 10 என்றால் விரலை இன்னும் வேகமாகச் சுண்ட வேண்டும்.

குழியோரக் காய்: இங்கேதான் உண்மையான வித்தியாசம். காய் ஐந்தரை கிராமைத் தாண்டாது. நேராக அடித்தால் 15 கிராம் ஏறக்குறையப் பாதி வேகத்தோடு காயின் பின்னாலேயே ஓடும். குழி கிட்ட இருந்தால் தானும் விழுந்துவிடும், அப்புறம் அபராதம்தான். 10 கிராமில் மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்கு வேகம்தான். எனக்கு இது பெரிய விஷயம்.

ஈரம்: மழை மாதங்களில் பவுடர் கட்டிபட்டுப் பலகை இழுக்கும். கனத்தைக் கூட்டினால் சரியாகாது, உராய்வும் சேர்ந்தே கூடும். உலர்ந்த துணியால் துடைத்துப் புதுப் பவுடர் போடுங்கள்.

விளிம்பு: எதை வாங்கினாலும் நகத்தால் சுற்றித் தடவிப் பாருங்கள். சிறு பள்ளம் இருந்தாலும் வேண்டாம்.

அடித்து ஆடுபவருக்கு 15. பழகும் பிள்ளைகளுக்கும் மெதுவாக வெட்டி ஆடுபவருக்கும் 10.