சொந்த லொறியா, வெளி ஆளின் லொறியா?

கிளிநொச்சியில் உழவு இயந்திரப் பெட்டி கட்டும் பட்டறைக்குத் தகடு, அச்சு, பெயரிங், டயர் எல்லாம் கொழும்பிலிருந்துதான் வரவேண்டும். ஏ9 வீதியால் 300 கிலோமீற்றருக்கு மேல். சொந்த லொறியை அனுப்பினால், கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கடைகடையாக ஏறி இறங்கி, பெயரிங்கைக் கையில் சுழற்றிப் பார்த்தே வாங்கலாம். ஆனால் போகும்போது லொறி வெறுமை. டீசல், சாரதி கூலி எல்லாம் நம் கணக்கு. காலபோக வெட்டு நேரமென்றால் நெல் ஏற்றித் தப்பலாம்.

வெளி நிறுவனத்திடம் விட்டால்? பல கார்த் தொழிற்சாலைகள் இப்படித்தான் செய்கின்றன. ஒரே லொறி பல உதிரிப்பாக ஆலைகளுக்கு வரிசையாகப் போய், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, உற்பத்தி நேரத்துக்குத் தொழிற்சாலையில் இறக்கும். பால் சேகரிப்பவர் வீடு வீடாகப் போவதுபோல என்பதால் 'மில்க் ரன்' என்று பெயர். களஞ்சியத்தில் பணம் முடங்காது. ஆனால் இருப்பு மெலிந்தால் ஆபத்தும் உண்டு: 1997 பெப்ரவரியில் டொயோட்டாவுக்குப் பாகம் செய்யும் ஐசின் நிறுவனத்தின் ஆலை எரிந்து பிரேக் வால்வு நின்றதும், யப்பானில் டொயோட்டா ஆலைகள் சில நாள் மூடிக் கிடந்தன. அது லொறிக்காரர் பிழையல்ல, சரி.

எங்கள் அளவுக்கு நான் வெளி லொறியைத்தான் எடுப்பேன். பெயரிங் மட்டும் நேரில். ஒருமுறை பார்சலில் அளவு மாறி வந்து, விதைப்பு நேரத்தில் நான்கு நாள் பட்டறை சும்மா கிடந்தது.